தாயத்துக்குள் வைத்த காந்தம்

அந்தத் தாயத்துக்குள் காந்தத்தை வைத்தவன் நான்தான்.

கை தவறி விழுந்ததல்ல. யாரும் தூண்டிவிடவும் இல்லை. பட்டப்பகலில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாமணத்தால் பிடித்து உள்ளே இறக்கினேன். மெழுகை உருக்கி வாயை அடைத்தேன். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். சீனி குறைவு என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டதுகூட நினைவிருக்கிறது... எப்பேர்ப்பட்டவனுடைய எழுத்தைக் கையில் பிடித்திருக்கிறீர்கள், பாருங்கள்!

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். வாரப் பத்திரிகை ஒன்றில் பல வருடமாகச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். அதை நம்பி அடுப்பு எரியாது என்பதால், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடையும் வைத்திருக்கிறேன். இரண்டு தொழிலிலும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் திருப்தியில்லாமல்தான் போகிறார்கள்.

இன்று சிரிப்பு வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். இடையிடையே வந்துவிட்டால்... பழக்கதோஷம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராஜேந்திரன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டம். அதில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம். சரோஜா என்ற பெண்ணுக்குக் கடிதம் எழுதினேன். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்துக் கெட்டுப்போன பையன் எழுதும் கடிதம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவளுடைய கூந்தலைத் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் புகைபோக்கியிலிருந்து வரும் புகைக்கு ஒப்பிட்டிருந்தேன். இப்போது நினைத்தால் அவளுக்கு நான் செய்த முதல் கொடுமை அந்த உவமைதான்!

கடிதத்தைச் சேர்ப்பிக்கச் சொல்லி ராஜேந்திரனிடம் கொடுத்தேன். கூட்டாளி. ஒரே லயத்துக்காரன்.

மறுநாள் காலை பெரட்டுக் களம். வேலைக்குப் பெயர் கொடுக்க மொத்தத் தோட்டமும் கூடி நிற்கும் இடம். ராஜேந்திரன் கட்டின் மேல் ஏறி நின்றான். கடிதத்தைப் பிரித்தான். நாடகக்காரன் குரலில், கையை ஆட்டி ஆட்டி, வரி வரியாக வாசித்தான்.

சிரிப்பு... மலை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூடையோடு நின்ற என் அம்மாவும் சிரித்தாள். யாரோ எவனோ எழுதியது என்று எண்ணி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எழுதியவன் பெயரை அவன் கடைசியில்தான் வாசித்தான்.

அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்று எனக்கு எழுத வரவில்லை. இத்தனை வருடம் எழுதிப் பழகியும் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தோட்டத்தில் ‘கவிஞர் ஆத்தா’ என்று பெயர். கொழுந்து நிறுக்கும்போதும் அதே பெயர். செத்த அன்று லயத்துக்கு லயம் செய்தி போனதும் அந்தப் பெயரில்தான்.

சரோஜா வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

நான் ஹட்டனுக்கு இறங்கினேன். ராஜேந்திரன் தோட்டத்திலேயே இருந்து தொழிற்சங்கத் தலைவரானான். நான் ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் சிரிக்க முந்துவதற்குள் நானே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் நோகாது அல்லவா? நொந்தது. அது வேறு கதை.

போன வருடம் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கையில் பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் ஆறு கைகளோடு ஒரு ட்ரோன்.

“அங்கிள், இதுல ஒரு கம்பி விட்டுப்போச்சு. ஈயம் வைக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டேன், எல்லாரும் உங்க கடையத்தான் காட்டுறாங்க.”

“மற்றக் கடையெல்லாம் மூடிட்டாங்களா?”

சிரித்தாள். பெயர் தர்ஷினி. பொறியியல் படித்துவிட்டு வந்தவள். தேயிலைக்கு மருந்தடிக்க எந்திரம் செய்கிறாளாம். செங்குத்து மலையில், முதுகில் கேனைக் கட்டிக்கொண்டு, மருந்தை மூச்சிலும் முகத்திலும் வாங்கிக்கொண்டு இனி ஆட்கள் ஏறவேண்டாமாம். யாரும் இயக்காமல் தானே வழி கண்டுபிடித்துப் பறக்குமாம்.

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள். யாருடைய மகள் என்று கேட்டேன்.

அதையும் சொன்னாள்.

“அப்பா உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு. நீங்க அந்தக் காலத்துல கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே? என்னமோ ஸ்டோர் பொகை... சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு!”

அவள் குரலில் நஞ்சு இல்லை. வீட்டில் கேட்ட வேடிக்கைக் கதை ஒன்றைச் சொன்னாள், அவ்வளவுதான். நானும் சிரித்தேன். ஈயம் உருக்கும் கோலின் நுனி கையில் பட்டுச் சுட்டது.

இன்னும் சிரிக்கிறான்! அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் தன் பிள்ளைக்குச் சோறூட்டும்போது அந்தக் கதையையும் சேர்த்து ஊட்டியிருக்கிறான்!

கூலி வேண்டாம் என்றேன். மேசையில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள், வேண்டியமட்டும் வேலை செய், பதிலுக்கு இது எப்படி வழி கண்டு பறக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். “கட்டுரை எழுதணும்மா” என்றேன்.

அந்த வாரத்திலிருந்து என்னை ‘மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

நான் நல்ல மாணவன். கொப்பி போட்டுக் குறிப்பெடுத்தேன்.

எந்திரம் எங்கே இருக்கிறது என்பதைச் செய்மதி சொல்லும். எவ்வளவு உயரம் என்பதைக் காற்றழுத்தம் சொல்லும். எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை உள்ளே ஒரு சில்லு சொல்லும். ஆனால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? அதைச் சொல்வது திசைகாட்டி.

“கீழ பாக்குற கமராவ வச்சுக் கண்டுபிடிக்காதா?” என்று கேட்டேன்.

“டவுன்ல கண்டுபிடிக்கும் மாமா. நம்ம மலையில எந்தச் செடியப் பாத்தாலும் ஒரே மாதிரி. அதுக்கும் மேல பனி வேற. கமரா முழிக்கும்.”

“எனக்கும் அப்படித்தான். ஐம்பது வயசுல எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்னே தெரியல.”

“உங்களுக்கும் ஒரு திசைகாட்டி போட்டுருவோம்.”

அவள் சொன்ன ஓர் உதாரணம் என் கொப்பியில் இருக்கிறது. சின்ன வயதில் பனி மூடிய காலையில் பள்ளிக்கூடம் போவாளாம். முன்னால் நீட்டிய கை தெரியாது. அடிகளை எண்ணி எண்ணி, இந்நேரம் பாலத்துக்கு வந்திருப்போம் என்று ஊகிப்பாள். ஸ்டோரில் சங்கு ஊதும். சத்தம் வருகிற பக்கத்தை வைத்து ஊகத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்வாள். மறுபடி எண்ணுவாள்.

“இதுவும் அதத்தான் செய்யுது மாமா. ஊகிக்கும், திருத்தும், ஊகிக்கும், திருத்தும். எது சொல்றத எவ்வளவு நம்புறதுங்கறதுதான் மொத்தக் கணக்கும்.”

“திசைகாட்டி பொய் சொன்னா?”

இந்தக் கேள்வியை நான் எப்போது கேட்டேன்? மூன்றாம் வாரம். ஏன் கேட்டேன்? சத்தியமாக அப்போது அறியும் ஆவலில்தான் என்று உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது... வேண்டாம். தெரிந்தேதான் கேட்டேன்.

அவள் தாளில் ஒரு வட்டம் போட்டாள். அதைச் சுற்றி இன்னும் பெரிய வட்டம். அதையும் சுற்றி இன்னொன்று.

“சுத்தும் மாமா. காத்து வலப்பக்கம் தள்ளுனா இடப்பக்கம் வரணும்ல? ஆனா எது இடப்பக்கம்னே அதுக்குத் தப்பாத் தெரியும். தப்பான பக்கம் போகும். அதத் திருத்த இன்னொரு தப்பான பக்கம். திருத்தத் திருத்தப் பெரிசாச் சுத்தும்.”

“பொய்யின்னு கண்டுபிடிக்காதா?”

“பெரிய பொய்ன்னா கண்டுபிடிச்சிரும். மேல கெளம்பவே மாட்டேன்னு செவப்பா எழுத்துக் காட்டும். சின்னப் பொய்னாத்தான் நம்பிரும்.”

சின்னப் பொய். அடிக்கோடிட்டேன்.

அவள் சாப்பிடப் போகும் நேரங்களில் சோதனை நடத்தினேன். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அரிசி மணியளவு காந்தம் இருக்கும். என் கடையில் அதற்கா பஞ்சம்! பெரியதை அருகே கொண்டுபோனால் மடிக்கணினித் திரை சிவந்தது. அதைவிடச் சிறியது... சிவந்தது. இன்னும் சிறியது... ஒன்றும் ஆகவில்லை. திரை பச்சையாகவே இருந்தது. வாழ்க்கையில் எந்தக் கட்டுரைக்கும் நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

நான் விரும்பியது என்ன? யாருக்காவது காயம் வரவேண்டும் என்றா? இல்லை. எந்திரம் குடிகாரனைப் போல் நாலு சுற்றுச் சுற்றித் தேயிலையில் விழவேண்டும். தோட்ட நிர்வாகியான தொரை முன்னால், மொத்தத் தோட்டத்தின் முன்னால், அதே பெரட்டுக் களத்தில் விழவேண்டும். ஆட்கள் சிரிக்கவேண்டும். தலைவர் ராஜேந்திரன் சிரிப்புக்கு நடுவில் நிற்கவேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதும்போது கை கூசுகிறது... அவன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் யார் நிற்பாள் என்று நான் யோசிக்கவே இல்லையா?

யோசித்தேன். யோசித்துவிட்டு வைத்தேன்.

பறக்கவிட்டுக் காட்டும் நாள் குறித்தார்கள். தொரைக்குப் பிடித்தால் தோட்டம் முழுதும் அவள் எந்திரம்தான் மருந்தடிக்கும்.

எங்கள் பக்கத்தில் எந்தப் புது வண்டியும் பூசை போடாமல் நகராது, உங்களுக்குத் தெரியும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவேண்டும். தேங்காய் உடைக்கவேண்டும். கறுப்புக் கயிறும் தாயத்தும் கட்டவேண்டும். ட்ரோனுக்கும் உண்டு என்று ஊர் முடிவெடுத்தது. தாயத்து என் உபயம் என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்தவன் நான்.

அன்று காலை பெரட்டுக் களத்தில் பூசாரிக்குப் பெரிய குழப்பம்.

“சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சங்காய எங்கம்மா வைக்கிறது?”

“கால் இருக்கே பூசாரி மாமா, காலுக்கு அடியில வைங்க.”

“நசுங்கணுமே!”

“எறங்குறப்ப நசுங்கிரும்.”

பெண்கள் சிரித்தார்கள். பிறகு தர்ஷினி எந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி நின்ற இடத்திலேயே சுற்றினாள். நிமிர்த்திச் சுற்றினாள், கவிழ்த்துச் சுற்றினாள், பக்கவாட்டில் சுற்றினாள். திசைகாட்டியை அந்த இடத்துக்குப் பழக்குவது அப்படித்தான். சுற்றிலும் தகரக் கூரைகள். அவற்றின் இரும்பை அது முன்பே அறிந்துகொள்ளவேண்டும். பூசாரி கண் கலங்கிவிட்டார்.

“புள்ள எவ்வளவு பக்தியாத் திருஷ்டி சுத்துது பாருங்க!”

அது முடிந்த பிறகுதான் தாயத்துக் கட்டவேண்டும். முன்னால் கட்டினால் அந்தக் காந்தத்தையும் எந்திரம் அறிந்துகொண்டு கழித்துவிடும். இதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

தாயத்தைக் கையில் மூடிக்கொண்டு நின்றேன். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த நேரம் எனக்கு மனம் இளகியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று கையைக்கூட நகர்த்தினேன்.

அப்போதுதான் ராஜேந்திரன் வந்தான். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை.

“வாங்க வாங்க கவிஞரே!”

களம் முழுக்கக் கேட்டது. பழைய ஆட்கள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் தாயத்தை நீட்டினேன்.

தர்ஷினி வாங்கினாள். உடனே கட்டவில்லை. விரலில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

“மாமா, இதுல இரும்பு கிரும்பு இல்லையே?”

“பித்தளைம்மா. உள்ளே செப்புத் தகடு.”

“நீங்க சொன்னாச் சரி.”

எந்திரத்தின் நடு மேல்தட்டில், நான் காட்டிய இடத்தில் கட்டினாள். திரை பச்சையாகவே இருந்தது.

எழும்பியது. நேராக, அழகாக எழும்பியது. ஆட்கள் கைதட்டினார்கள். தானே போய் முதல் தேயிலை வரிசைக்கு மேல் நின்றது. அதன் பிறகு மெதுவாக ஒரு வட்டம். இன்னும் பெரிய வட்டம். சிலர் அதுவும் வேடிக்கை என்று எண்ணிச் சீட்டியடித்தார்கள். எனக்கு அவள் தாளில் போட்ட படம் வானத்தில் தெரிந்தது... ஒரு கோடுகூட மாறவில்லை!

மூன்றாவது வட்டம் பெண்கள் நின்ற பக்கமாக வந்தது. சீட்டி நின்றது. தர்ஷினி தன்னியக்கத்தை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டி அதைக் கீழே இழுத்தாள். கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி இறங்கியது. ஒரு கால் தேயிலைச் செடியில் சிக்கிச் சரிந்தது. விசிறிகள் நிற்கவில்லை. செடியை அறுத்துக்கொண்டு, துள்ளித் துள்ளி, பயந்து ஓடி வடிகால் கானுக்குள் விழுந்து கிடந்த ஒரு பெண்ணை நோக்கி நகர்ந்தது.

தர்ஷினி ஓடினாள். கையிலிருந்த இயக்கும் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய், சுழலும் விசிறிகளுக்கு இடையே கையை விட்டு மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கினாள்.

எந்திரம் நின்றது. கானில் கிடந்த பெண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை. தர்ஷினியின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

“ஐயோ புள்ள... எம்புள்ள...” ராஜேந்திரன் சால்வையால் அவள் கையைச் சுற்றினான். வெள்ளைச் சட்டை சிவந்தது. அதே களத்தில், அத்தனை பேர் முன்னால், மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்: அதைப் பார்த்தபோது எனக்கு இனித்தது. ஒரு கண் இமைக்கும் நேரம்தான்... ஆனால் இனித்தது! அவள் இரத்தத்தைப் பார்த்த அதே கண்ணால் அவன் கண்ணீரைப் பார்த்து மகிழ்ந்தேன். என்னைத் திட்டுவதென்றால் காந்தத்துக்காகத் திட்டாதீர்கள். இதற்காகத் திட்டுங்கள்.

ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடியபோது, நான் எந்திரத்தின் அருகே குனிந்து தாயத்தை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு நான் ஓட்டி வந்திருந்த ஆட்டோவில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ராஜேந்திரன் என் தோளைப் பிடித்திருந்தான்.

“நீங்க இல்லாட்டி என் புள்ள என்னாயிருக்கும்...”

யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. லயத்துக்கு லயம் சோறாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். நான் கேட்ட சிரிப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை. தொரை மட்டும், இனி எந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதுகில் கேனோடு ஆட்கள் மறுபடி மலையேறினார்கள்.

போன மாதம் அவள் கடைக்கு வந்தாள். மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். விழுந்த அன்று எந்திரம் தனக்குள் எழுதிவைத்த பதிவு.

“இங்க பாருங்க மாமா. நான் சுத்திப் பழக்குனப்ப திசைகாட்டி சரியா இருக்கு. அஞ்சு நிமிசத்துல கொஞ்சூண்டு வெலகியிருக்கு. கெளம்புறதுக்கு முன்னாடியே. ஏன்னு தெரியல. ஆறு மாசமாப் பாக்குறேன்.”

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

“கந்தப்பளைப் பக்கத்துல ஒரு தோட்டத்துல கூப்புட்டிருக்காங்க. மறுபடி செஞ்சு காட்டச் சொல்றாங்க. காரணம் தெரிஞ்சாப் போவேன். தெரியாம மறுபடி ஆளுங்க தலைக்கு மேல பறக்கவிட மாட்டேன். அந்தக் கான்ல கெடந்தாங்களே, அந்த அக்கா... இப்பவும் கனவுல வர்றாங்க.” திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். “தப்பா நினைக்காதீங்க மாமா. அந்தத் தாயத்து. அதுல ஏதாவது...?”

ஒரு சொல் போதும். ஒரே ஒரு ‘ஆமாம்மா’. அவள் கந்தப்பளைக்குப் போயிருப்பாள். முதுகில் கேன் இல்லாமல் எத்தனையோ பேர் நிமிர்ந்து நடந்திருப்பார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். பயமா? ஆம். அவள் முகத்தில் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்பதா? அதுவும். ஆனால் அடியில் கிடப்பது அதுவல்ல. நான் சொன்னால் ராஜேந்திரனுக்குத் தெரியவரும். அவன் நியாயவானாகிவிடுவான். நான் குற்றவாளியாகிவிடுவேன். அவன் செய்தது வெறும் பிள்ளை விளையாட்டு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்... அந்தக் கணக்கில் அவனை ஜெயிக்கவிட இன்னும் எனக்கு மனமில்லை! இரண்டு விரலுக்குப் பிறகும் மனமில்லை!

“பித்தளைதான்ம்மா. செப்புத் தகடு” என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

“அப்ப நான்தான் சரியாப் பழக்கல.”

மடிக்கணினியை மூடினாள். அங்கேயே, என் மேசையிலேயே உட்கார்ந்து, கந்தப்பளைத் தோட்டத்துத் தொரையைத் தொலைபேசியில் அழைத்தாள். சிங்களத்தில் பேசினாள். அழைத்ததற்கு நன்றி என்றாள். அன்று நடந்த பிழை தன்னுடையதுதான் என்றாள். தன்னால் வர இயலாது என்றாள். மறுமுனையில் அவர் என்னவோ கேட்க, அதற்கும் பொறுமையாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

வெளியே பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் விரல் குறைந்த கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, “சேர்... ஹலோ... சேர்...” என்று திணறினாள்.

நான் எழுந்துபோய், அவள் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல், கடைக் கதவைச் சாத்திக் கொடுத்தேன்.